விட்டுவிட்டு வரும் இணைப்பு: கோளாறைத் தேடும் முறை

(ஆசிரியர்களுக்கான கணினிப் பயிற்சி வகுப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது சின்ன விஷயம் போலத் தோன்றலாம். இரவு எட்டு மணிக்கு வீட்டில் மடிக்கணினியின் முன் உட்காருகிறோம். இணையவழிப் பயிற்சியின் காணொலி ஓடிக்கொண்டிருக்கிறது. அல்லது நாற்பது மாணவர்களின் விவரங்களை ஒவ்வொன்றாக உள்ளிட்டுக்கொண்டிருக்கிறோம். முப்பத்தைந்தாவது பெயரில் இருக்கும்போது இணைப்பு போய்விடுகிறது. இரண்டு நிமிடத்தில் தானாகவே வந்துவிடுகிறது. ஆனால் நாம் உள்ளிட்டது எதுவும் அங்கே இல்லை. மறுபடி முதல் பெயரிலிருந்து தொடங்குகிறோம்.

அடியோடு போய்விட்ட இணைப்பைச் சரிசெய்வது எளிது. ஆள் வருவார், பார்ப்பார், சரிசெய்துவிட்டுப் போவார். விட்டுவிட்டு வரும் இணைப்புதான் பாடாய்ப் படுத்தும். பழுது பார்க்க ஆள் வரும் நேரத்தில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். "நல்லாத்தானே இருக்கு மேடம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் மீண்டும் போகும். மடிக்கணினி பழசாகிவிட்டது என்பார் வீட்டுக்காரர். கம்பெனியை மாற்றுங்கள் என்பார் பக்கத்து வீட்டுக்காரர்.

நம்மில் சிலர், முக்கியமாக மூத்த ஆசிரியர்கள், வேறொரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். "எனக்கும் கம்ப்யூட்டருக்கும் ராசியில்லை சார்" என்கிறார்கள். இதுதான் எனக்குக் கவலை தருவது. அந்த முடிவுக்குப் பிறகு அவர்கள் கணினிப் பக்கமே வருவதில்லை. பள்ளியின் கணினி வேலை முழுவதும் ஓர் இளம் ஆசிரியரின் தலையில் விழுகிறது. முப்பது வருடம் பாடம் நடத்திய ஒருவரை இந்த இடத்துக்குத் தள்ளிய காரணத்தைத் தேடிப் போனால், சில வீடுகளில் அது பிளக்கில் சரியாக உட்காராத ஓர் அடாப்டராக இருக்கும்.

ஆகவே நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. விட்டுவிட்டு வரும் கோளாறு சும்மா வருவதில்லை. அதற்கு ஒரு நேரமோ, ஓர் இடமோ, ஒரு சூழலோ இருக்கும். அதைக் குறித்து வைத்தால் காரணம் அகப்படும். காரணம் தெரிவதற்கு முன் எதையும் வாங்க வேண்டாம், எதையும் கழற்ற வேண்டாம்.

காலை 7 மணி ரகசியம்

காய்ச்சல் என்று மருத்துவரிடம் போனால் அவர் கேட்கும் முதல் கேள்வி என்ன? "எப்போதிலிருந்து? எந்த நேரத்தில் ஏறுகிறது?" ஒருநாள் விட்டு ஒருநாள் குளிரோடு வரும் காய்ச்சல் என்றால் அவர் மலேரியாவை நினைப்பார். காய்ச்சல் வந்து போகும் முறையே நோயின் அடையாளத்தைச் சொல்கிறது.

இணைப்புக்கும் இது பொருந்தும். வேல்ஸ் நாட்டின் போவிஸ் பகுதியில் அபர்ஹோசன் என்று ஒரு சிற்றூர். அங்கே ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் காலம், தினமும் காலை 7 மணி ஆனால் ஊர் முழுவதும் இணைய இணைப்பு தடுமாறியது. பொறியாளர்கள் பலமுறை வந்து சோதித்தார்கள். கேபிளையே மாற்றிப் பார்த்தார்கள். பயனில்லை. கடைசியில் மின் இரைச்சலை அளக்கும் கருவியோடு காலை 6 மணிக்கே ஊருக்குள் நடக்கத் தொடங்கினார்கள். சரியாக 7 மணிக்குக் கருவி துள்ளியது. ஒரு வீட்டில் பழைய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றைத் தினமும் அந்த நேரத்தில் போடுவார்கள். அதிலிருந்து கிளம்பிய மின் இரைச்சல்தான் ஊரின் இணைப்பைக் கெடுத்தது. பெட்டியை நிறுத்தியதும் தொல்லை தீர்ந்தது. 2020 செப்டம்பரில் இந்தச் செய்தி உலகெங்கும் வந்தது.

அங்கே இருந்தது செம்புக் கம்பி வழி வந்த இணைப்பு. ஒளியில் ஓடும் ஃபைபர் கேபிளை மின் இரைச்சல் இப்படிக் கெடுக்காது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. கேபிளை மாற்றியவர்களுக்கு விடை கிடைக்கவில்லை. காலை 7 மணி என்ற குறிப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்களுக்குக் கிடைத்தது.

முதல் வேலை: ஒரு நோட்டுப் புத்தகம்

மூன்று நாள் போதும். இணைப்பு போகும் ஒவ்வொரு முறையும் ஐந்து விவரங்களை எழுதுங்கள்.

ஒன்று, மணி. எத்தனை நிமிடம் கழித்துத் திரும்பி வந்தது என்பதும்.
இரண்டு, வீட்டில் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள்.
மூன்று, மடிக்கணினியில் சார்ஜர் செருகியிருந்ததா, பேட்டரியில் ஓடியதா.
நான்கு, அதே நேரத்தில் கைபேசியில் வைஃபை வேலை செய்ததா.
ஐந்து, ரவுட்டரில் எந்த விளக்கு எந்த நிறத்தில் எரிந்தது.

நான்காவதில் ஒரு பொறி இருக்கிறது. வைஃபையில் இணையம் வராவிட்டால் கைபேசி தானாகவே சிம் கார்டின் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளக் கூடும். "போனில் நன்றாக வருகிறதே, மடிக்கணினிதான் பழுது" என்று நாம் நினைத்துவிடுவோம். ஆகவே சோதிக்கும்போது கைபேசியின் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள்.

இரண்டாவது வேலை: எந்தப் பகுதியில் அறுகிறது?

குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் என்ன செய்வோம்? பக்கத்துக் குழாயைத் திறந்து பார்ப்போம். அதிலும் வரவில்லை என்றால் மாடித் தொட்டியைப் பார்ப்போம். தொட்டியும் காலி என்றால் தெருக்குழாயைப் பார்ப்போம். இதே வரிசைதான் இங்கும்.

நம் இணைப்புக்கு மூன்று பகுதிகள் உண்டு. மடிக்கணினியிலிருந்து ரவுட்டர் வரை முதல் பகுதி. இது காற்றின் வழியே செல்லும் வைஃபை. ரவுட்டரிலிருந்து தெருக்கம்பம் வழியாக இணைய நிறுவனம் வரை இரண்டாம் பகுதி. அங்கிருந்து நாம் திறக்கும் தளம் வரை மூன்றாம் பகுதி. எந்தப் பகுதியில் அறுகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இதற்கு விண்டோஸ் மடிக்கணினியிலேயே ஒரு கருவி இருக்கிறது. பெயர் பிங். அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய மைக் மூஸ் என்பவர் 1983 டிசம்பரில் எழுதிய நிரல் இது. நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் கருவி ஓர் ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருக்கும் அல்லவா? அந்த ஒலியின் பெயரையே இதற்கு வைத்தார். "இருக்கிறாயா?" என்று கேட்டுவிட்டு "இருக்கிறேன்" என்ற பதிலுக்குக் காத்திருப்பதுதான் இதன் வேலை.

செய்முறை இது. ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, ஆங்கிலத்தில் சி, எம், டி என்ற மூன்று எழுத்துகளைத் தட்டுங்கள். கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்புத் திரை வரும். அதில் ஆங்கிலத்தில் பி, ஐ, என், ஜி என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ரவுட்டரின் எண்ணைத் தட்டுங்கள். பெரும்பாலும் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருக்கும். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் அச்சிட்டிருப்பார்கள். எண்ணுக்குப் பிறகு மீண்டும் ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, அதை ஒட்டி ஆங்கில டி என்ற சிறிய எழுத்து. பிறகு என்டர். நொடிக்கு ஒன்றாகப் பதில் வரிகள் ஓடத் தொடங்கும்.

இன்னொரு கறுப்புத் திரையைத் திறந்து, அதில் ரவுட்டர் எண்ணுக்குப் பதிலாக 8.8.8.8 என்ற எண்ணைக் கொடுங்கள். இது கூகுள் நடத்தும் பொதுச் சேவையகம் ஒன்றின் எண். இரண்டு திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வழக்கமான வேலையைப் பாருங்கள். இணைப்பு போகும்போது இரண்டையும் திரும்பிப் பார்க்க வேண்டும். "ரிப்ளை" என்று வந்தால் பதில் வருகிறது. "டைம்டு அவுட்" என்றோ "அன்ரீச்சபிள்" என்றோ வந்தால் பதில் இல்லை. நிறுத்துவதற்குக் கன்ட்ரோல் விசையோடு சி. எத்தனை கேள்விகளுக்குப் பதில் வரவில்லை என்ற கணக்கும் கடைசியில் வரும்.

மூன்று விடைகள்

முதல் விடை: இரண்டு திரைகளிலும் பதில் இல்லை. கைபேசியில் மட்டும் வைஃபை நன்றாக இருக்கிறது. அப்படியானால் கோளாறு மடிக்கணினிக்கும் ரவுட்டருக்கும் நடுவில்.

இங்கே நோட்டுப் புத்தகம் கைகொடுக்கும். உள் அறையில் மட்டும் போகிறதா? ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நம் வீடுகளில் அது இரும்பு பீரோவின் பின்னாலோ, பரண் மேலோ, தொலைக்காட்சியின் முதுகிலோ இருக்கும். இரும்பும் கான்கிரீட்டும் வைஃபை அலைக்குச் சுவர். வீட்டின் நடுவில், தோள் உயரத்தில், திறந்த இடத்தில் வைத்தாலே பல வீடுகளில் தொல்லை தீரும். ரவுட்டர் 2.4, 5 என்ற இரண்டு கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளையும் கொடுத்தால், தூரத்து அறைக்கு 2.4, பக்கத்தில் இருந்தால் 5 என்று தேர்ந்தெடுங்கள். 5 வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் பலவீனமானது.

பேட்டரியில் ஓடும்போது மட்டும் போகிறதா? மின்சாரத்தை மிச்சப்படுத்த மடிக்கணினி தன் வைஃபை கருவியைத் தூங்கவைக்கிறது. டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்ற தலைப்பின் கீழ் வைஃபை கருவியைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்துக்குப் போங்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கருவியை அணைக்கலாம் என்ற வரியின் முன் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். சில மடிக்கணினிகளில் இந்தப் பக்கம் தெரியாது. அங்கே பவர் பிளானை மாற்றிப் பார்க்கலாம்.

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் மட்டும் போகிறதா? யூஎஸ்பி 3.0 கருவிகளும் அவற்றின் கேபிளும் 2.4 அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பக் கூடியவை. அடுத்த பக்கத்துத் துளையில் செருகிப் பாருங்கள்.

சமையல் நேரத்தில் மட்டும் போகிறதா? மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் இயங்குகிறது. அடுப்பிலிருந்து கசியும் சிறிதளவு அலை உடம்புக்குத் தீங்கில்லாத அளவுதான். ஆனால் வைஃபையைக் குழப்ப அதுவே போதும். அறிவியல் ஆசிரியர்கள் வகுப்பில் சொல்ல ஒரு செய்தி: ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கியில் 1998 முதலே விளங்காத சில குறிகள் அவ்வப்போது பதிவாயின. 2015-இல் காரணம் தெரிந்தது. ஆய்வுக்கூடத்தின் மைக்ரோவேவ் அடுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே யாரோ கதவைத் திறந்திருக்கிறார்கள்! அந்தக் குறிகள் வேலை நேரத்திலேயே வந்தன என்பது அங்கேயும் ஒரு துப்பு.

இரண்டாம் விடை: ரவுட்டர் பதில் சொல்கிறது, 8.8.8.8 பதில் சொல்லவில்லை. அப்போது மடிக்கணினியின் மேல் குற்றமில்லை. ரவுட்டருக்கு அந்தப் பக்கம் கோளாறு. ஃபைபர் இணைப்பு என்றால் பெட்டியில் எல், ஓ, எஸ் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளுக்கு அருகில் சிவப்பு விளக்கு எரிகிறதா பாருங்கள். எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். கேபிள் கதவிடுக்கில் நசுங்கியிருக்கலாம், ஆணியில் மடங்கியிருக்கலாம். கண்ணாடி இழை கூர்மையாக வளைந்தால் ஒளி வெளியேறிவிடும். வளைவைத் தளர்த்தலாம், அவ்வளவுதான். முனையைக் கழற்றிக் கண்ணருகில் வைத்துப் பார்ப்பது கூடவே கூடாது. உள்ளே வரும் ஒளி நம் கண்ணுக்குத் தெரியாதது, ஆனால் கண்ணைப் பாதிக்கக் கூடியது.

மின்சாரத்தையும் மறக்க வேண்டாம். ஒரு கணம் மின்சாரம் போய் வந்தால் டியூப்லைட் சிமிட்டும். மடிக்கணினிக்குப் பேட்டரி இருப்பதால் அது கண்டுகொள்ளாது. ரவுட்டருக்குப் பேட்டரி கிடையாது. அது அணைந்து மீண்டும் எழுந்து வரச் சில நிமிடங்கள் ஆகும். "இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக வந்துவிடுகிறது" என்று நோட்டில் திரும்பத் திரும்ப எழுதியிருந்தால், முதலில் இதைச் சந்தேகியுங்கள். அடாப்டர் பிளக்கில் ஆடுகிறதா, ரவுட்டர் இன்வெர்ட்டர் இணைப்பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டுக்குள் எல்லாம் சரி என்றால் நிறுவனத்துக்குப் போன் செய்யுங்கள். "அடிக்கடி போகிறது" என்று சொன்னால், திறந்து மூடச் சொல்வார்கள். "மூன்று நாளில் ஏழு முறை போனது. ஏழு முறையும் ரவுட்டர் பதில் சொன்னது, வெளியிலிருந்து பதில் இல்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. நேரங்கள் இவை" என்று சொல்லிப் பாருங்கள். பேச்சின் போக்கே மாறும்.

மூன்றாம் விடை: இரண்டு திரைகளிலும் பதில் வந்துகொண்டே இருக்கிறது, நாம் திறந்த தளம் மட்டும் வரவில்லை. வேறு இரண்டு தளங்களைத் திறந்து பாருங்கள். அவை வந்தால், நம் வீட்டில் எந்தக் குறையும் இல்லை. கடைசி நாளில் எல்லோரும் ஒரே நேரத்தில் நுழைந்தால் எந்தத் தளமும் திணறும். அந்த வேலையை விடியற்காலையில் செய்துகொள்ளலாம். எந்தத் தளமும் வரவில்லை, ஆனால் 8.8.8.8 மட்டும் பதில் சொல்கிறது என்றால், தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையில் தடங்கல். ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டால் பெரும்பாலும் சரியாகும். திரும்பத் திரும்ப வந்தால் நிறுவனத்திடம் "டிஎன்எஸ் கோளாறு" என்றே சொல்லுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

எட்டாம் வகுப்பு மாணவருக்கு நாம் சோதனை முறையைக் கற்றுத் தருகிறோம். ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மற்றவை மாறாமல் இருக்க வேண்டும் என்கிறோம். வீட்டில் அவசரத்தில் ரவுட்டரை நகர்த்தி, அமைப்பை மாற்றி, ஏதோ ஒரு மென்பொருளையும் நிறுவிவிடுகிறோம். தொல்லை தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்று தெரியாது. மறுபடி வந்தால் மறுபடி இருட்டுதான். ஒன்றை மாற்றுங்கள், ஒருநாள் பாருங்கள், நோட்டில் எழுதுங்கள். செலவில்லாத மாற்றங்கள் முதலில், பணம் கேட்கும் மாற்றம் கடைசியில்.

சில எச்சரிக்கைகள். ரவுட்டரை அணைத்து, முப்பது நொடி கழித்துப் போடுவதில் தவறில்லை. ஆனால் பின்புறத்துச் சிறு துளையில் ஊசியால் அழுத்தாதீர்கள். நிறுவனம் போட்டுக் கொடுத்த அமைப்புகள் எல்லாம் அழிந்து, உள்ள இணைப்பும் போய்விடக் கூடும். வைஃபை டிரைவரை மடிக்கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்தோ விண்டோஸ் அப்டேட்டிலிருந்தோ மட்டும் எடுங்கள். "உங்கள் இன்டர்நெட்டைச் சரிசெய்கிறோம், இந்தச் செயலியைப் போடுங்கள்" என்று தானாக வரும் அழைப்பை நம்பாதீர்கள். அப்படிப் பணத்தை இழந்தவர்கள் உடனே அழைக்க வேண்டிய எண் 1930.

காரணம் அகப்படும் வரை வேலை நிற்கக் கூடாது அல்லவா? நீண்ட பதில்களை முதலில் வேர்டு கோப்பில் எழுதிச் சேமித்து, பிறகு தளத்தில் ஒட்டுங்கள். பட்டியலைப் பத்துப் பத்துப் பேராகச் சேமியுங்கள். நேரக் கெடு உள்ள தேர்வு என்றால் கைபேசி ஹாட்ஸ்பாட்டைத் தயாராக வைத்திருங்கள்.

வகுப்பறையில் இதே கண்

கடைசியாக ஒன்று. இந்த முறையை நாம் வேறோர் இடத்திலும் கையாள வேண்டியிருக்கிறது. கழித்தல் கணக்கை ஒரு குழந்தை சில சமயம் சரியாகப் போடுகிறது, சில சமயம் தப்பாகப் போடுகிறது. "கவனம் போதாது" என்று எழுதிவிடுகிறோம். அந்தக் குழந்தையின் நோட்டை எடுத்து, தப்பான கணக்குகளை மட்டும் தனியே எழுதிப் பாருங்கள்.

462-இலிருந்து 157-ஐக் கழித்து 305 என்று சரியாக எழுதியிருக்கும். 402-இலிருந்து 157-ஐக் கழிக்கும்போது 245 என்பதற்குப் பதில் 155 என்று எழுதியிருக்கும். ஒன்றாம் இடத்துக்காகப் பூஜ்ஜியத்தைத் தாண்டி 4-இலிருந்து கடன் வாங்கியிருக்கிறது. பத்தாம் இடத்துக்காக மறுபடியும் அதனிடமே வாங்கியிருக்கிறது. நடுவில் பூஜ்ஜியம் வரும்போதெல்லாம் இதே தப்பு. அந்தக் குழந்தை கவனமாகத்தான் போட்டிருக்கிறது. பூஜ்ஜியத்தின் வழியாகக் கடன் வாங்கும் ஒரு படி மட்டும் அதற்குப் புரியவில்லை. அந்த ஒரு படியைக் கற்றுத் தந்தால் போதும்.

"சில சமயம்" என்ற சொல்லைக் கேட்டதும் "எந்தச் சமயம்?" என்று கேட்கப் பழகுவோம். ரவுட்டருக்கும் அது பொருந்தும், குழந்தைக்கும் பொருந்தும். தனக்குக் கணினி ராசியில்லை என்று ஒதுங்கி நிற்கும் நம் சக ஆசிரியருக்கும் பொருந்தும். நாளைக்குப் பள்ளியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "எந்த நேரத்தில் போகிறது டீச்சர்?" என்று கேளுங்கள். வேலையை அவருக்காகச் செய்து கொடுத்துவிடாதீர்கள். அவர் கையாலேயே அந்த நோட்டை எழுதட்டும்.